இல்லாத சாராயத்துக்கு ஒரு சல்லடை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இம்மாநிலத்தின் எல்லைக்கு உட்பட்ட நிலம், நீர், மலை, காடு, கடற்கரை ஆகிய எவ்விடத்திலும் கள்ளச்சாராயம் என்னும் பொருள் அறவே இல்லை என்பது, 2046ஆம் ஆண்டு மாசித் திங்களில், உயர்மட்டக் குழுவின் கூர்ந்த ஆய்வுக்குப் பின், பதினோராவது முறையாக உறுதிசெய்யப்பட்டுள்ளது. இல்லாத பொருளை இருப்பதாகக் கூறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

மதுவிலக்குத் துறைச் செயலாளரின் அறைக்கு வெளியே, ஆளுயரத் திரையில் நாதஸ்வரப் பின்னணியோடு இந்த அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சுகத்தின் கைப்பையில் அந்த இல்லாத பொருள் இரண்டு பாக்கெட் இருந்தது. காலை ஒன்பதரைக்கு இதே கட்டடத்தின் பின்பக்கம், கார்களுக்குச் சார்ஜ் போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் வாங்கியது. விற்றவன் தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்திருந்தான். அதை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அஞ்சுகம் மாநில வினையூக்கி ஆய்வு மையத்தில் முதுநிலை உதவியாளர். நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக உலைக்கு முன்னால் நின்று நின்று, வெப்பமானியைப் பார்க்காமலே சூட்டைச் சொல்லிவிடுவாள். அவளுடைய இயக்குநர் டாக்டர் ஞானபூபதி உலைப்பக்கம் வருவதில்லை. வந்தால் கோட்டு வீணாகிவிடும்.

உள்ளே கூப்பிட்டார்கள். செயலாளர் செந்தாமரைக்கண்ணன் கோப்பை விரித்து வைத்திருந்தார். உலகமே திரைக்கு மாறிய பிறகும் இந்தத் துறையில் கோப்பு காகிதத்தில்தான். காகிதம்தான் காணாமல் போகும்.

"சார், இது ஒரு புரட்சி," என்று ஆரம்பித்தார் பூபதி. அலுவலகத்தில் புதிய காபி இயந்திரம் வைத்தபோதும் அவர் இதையேதான் சொன்னார்.

"இருங்க டாக்டர். 'கள்ளச்சாராயத்தில் கலந்துள்ள மெத்தனாலை நீக்கும் கல்.' முதல் வார்த்தையிலயே தப்பு பண்ணிட்டீங்களே."

"எந்த வார்த்தை சார்?"

"வெளியில திரையைப் பாக்கலியா? இல்லாத ஒண்ணுக்கு மருந்து குடுத்தா, அது இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். சரி, அது போகட்டும். எதுல போட்டு சோதிச்சீங்க?"

"காவல் துறைகிட்ட சோதனைக்கு மாதிரி கேட்டோம் சார். மாவட்டத்தில் அப்படி எதுவும் பிடிபடலைன்னு பதில் வந்துச்சு."

"பாத்தீங்களா! மாதிரியே இல்லாம சோதனை. எப்படி அனுமதி தர்றது?"

அஞ்சுகம் கைப்பையைத் திறந்து பாக்கெட் இரண்டையும் மேசைமேல் வைத்தாள். அறையில் ஒரு வாடை பரவியது. செயலாளர் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார்.

"என்னம்மா இது?"

"கலங்கின தண்ணி சார்," என்றாள் அஞ்சுகம். "உங்க பில்டிங் பின்னால விக்குது."

"எடுங்க, எடுத்து உள்ள வைங்க! டாக்டர், உங்க ஸ்டாஃபுக்குக் கொஞ்சம் சொல்லி வைங்க."

"சார், வெள்ளிக்கிழமை மாசி மகம். உப்பளமேட்டுக் கடற்கரையில சாமி தீர்த்தவாரிக்கு வரும். ஊரே குடிக்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே மாசி மகத்துல பதினாலு பேர் போய்ட்டாங்க. நாலு மூட்டை கல்லு எங்க ஸ்டோர்ல சீல் வெச்சுக் கெடக்கு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"அந்தப் பதினாலு பேரும் வயித்துப்போக்குல செத்தாங்கன்னு கோப்புல இருக்கு," என்றார் செயலாளர் சாந்தமாக. "அதோட, இந்தக் கல்லைக் குடுத்தா அரசாங்கமே பயப்படாம குடின்னு சொல்றதா ஆயிடாதா?"

"ஹெல்மெட் குடுத்தா விழுந்து சாவுன்னு அர்த்தமா சார்?"

பூபதி இருமினார். அந்த இருமலோடு கூட்டம் முடிந்தது.

*

அஞ்சுகத்தின் கணவன் கோதண்டம் அந்த மாசி மகத்தின் பதினைந்தாவது ஆள். சாகவில்லை. கண் மட்டும் போயிற்று. கள்ளச்சாராயம் இல்லாத மாநிலத்தில் கள்ளச்சாராயத்தால் கண் போக முடியாதல்லவா? ஆகவே அரசு மருத்துவர் யோசித்து யோசித்து, ஊனச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் 'கடுமையான வெயில்' என்று எழுதினார். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கோதண்டம் வலைக்கு முடிச்சுப் போட்டபடி கேட்டான்: "என்ன சொன்னான் உன் தாமரைக்கண்ணு?"

"இல்லாததுக்கு மருந்து கிடையாதாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கான். எனக்கும் கண்ணு இல்ல, அதுக்கும் மருந்து கிடையாது." சிரித்தான். "அது கெடக்கட்டும். உன் கல்லு என்னதான் பண்ணுது? பத்து தபா சொல்லிட்ட, மண்டையில ஏறல."

அஞ்சுகம் மாத்திரை டப்பாவைத் திறந்து அவன் உள்ளங்கையில் நாலைந்து மணிகளைக் கொட்டினாள். ஜவ்வரிசி போலவே இருந்தன. உமிச் சாம்பலைக் கரைத்து, உருட்டி, உலையில் சுட்டது.

"கோயில் உண்டியல் இருக்குல்ல. காசு உள்ள போவும். தேங்காய் போவுமா?"

"வாயில இடிக்கும்."

"இந்தக் கல்லு பூரா அந்த மாதிரி வாயி. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, கோடி கணக்குல. சாராயத்துல ரெண்டு இருக்குது. எத்தனால்னு ஒண்ணு, அதுதான் போதை. அது தேங்கா. மெத்தனால்னு இன்னொண்ணு, அதுதான் ஆளைக் கொல்றது. அது இத்துனூண்டு, காசு மாதிரி. அது மட்டும்தான் உள்ள பூரும். உள்ள பிளாட்டினம் பொடி ஒட்டிகினு இருக்கு. காசு அதுமேல பட்டதும் தண்ணியோட சேந்து ஒடைஞ்சு காத்தாப் போயிடும். கொப்புளம் கொப்புளமா வரும். கொப்புளம் நின்னுட்டா விஷம் தீந்துச்சுன்னு அர்த்தம்."

"உள்ள போன காசு திரும்பி வராது?"

"வராது."

"அப்ப நெசமாவே உண்டியல்தான்," என்றான் கோதண்டம்.

பூபதியின் பெயரில் பதிவான செய்முறைப்படி சுட்டால் ஓட்டை பெரிதாகிவிடும். தேங்காயும் சேர்ந்து உள்ளே போய், சாராயம் முழுவதும் வெறும் தண்ணீர் ஆகும். அதை எந்தக் குடிகாரனும் இரண்டாம் தடவை தொட மாட்டான். அஞ்சுகம் ஓர் இரவுச் சூட்டை மூன்று பகலாக இழுத்து, மெல்லச் சுட்டாள். ஓட்டை சுருங்கிற்று. அந்த மூன்று பகலும் பூபதி ஒரு மாநாட்டில் 'வினையூக்கியும் வள்ளல் தன்மையும்' என்று பேசிக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தணிகாசலம். அஞ்சுகத்தின் ஒரே தம்பி. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். ஐஸில் மரத்துப்போன கையை நிமிர்த்தத் தினம் ஒரு பாக்கெட் வேண்டும் என்பது அவன் கட்சி.

"அக்கா, கல்லு எடு. இன்னிக்குச் சரக்கு கசக்குது."

"குடிக்காத, போ."

"குடிக்காதன்னா கசக்காதா?"

அவள் அவன் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கிச் சொம்பில் ஊற்றினாள். மணிகளைப் போட்டாள். சொம்பு சீறியது. குலுக்கித் திறந்த சோடா போலக் கொப்புளங்கள் விளிம்பு வரை ஏறின. தணிகாசலம் கண்ணை விரித்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், வழக்கம்போல் பீடியைப் பற்றவைத்தான்.

நீலமாக ஒரு சுடர் எழுந்து அணைந்தது. தணிகாசலத்தின் மீசையில் இடது பாதி அதோடு போயிற்று.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன்டா! வர்ற காத்துல முக்கால்வாசி ஹைட்ரஜன்."

"இன்னா நாத்தம் இது? யாரு வீட்டுல கோழி வாட்டுறாங்க?" என்று கேட்டான் கோதண்டம்.

தணிகாசலம் மீதிப் பாதியைத் தடவிக்கொண்டு சொம்பையே பார்த்தான். கொப்புளம் நிற்க ஆறு நிமிடம் ஆயிற்று. "ஆறு நிமிஷம் சீறுதே," என்றான் மெதுவாக. "இதை அப்படியே குடிச்சிருந்தா?"

அஞ்சுகம் கோதண்டத்தின் பக்கம் பார்த்தாள். தணிகாசலமும் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமைக்கு வெளியூர்லேர்ந்து புதுச் சரக்கு எறங்குதுக்கா," என்றான். "ஆறு டிரம்மு. மலிவாம்."

டப்பாவில் இருந்த மணிகள் ஒரு குடத்துக்குக் காணாது. மூட்டைகள் இருக்கும் அறைக்கோ, பிளாட்டினம் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து துப்பாக்கிக் காவல் போட்டிருந்தார்கள்.

*

புதன்கிழமை மாலை டாக்டர் பூபதிக்கு 'வினையூக்கி வேந்தர்' என்ற பட்டம் வழங்கும் விழா. வழங்கிய அமைப்பின் தலைவர் பூபதியின் சம்பந்தி. பொன்னாடைகள் பதினெட்டு. அவற்றை மடித்து அடுக்கும் பொறுப்பு அஞ்சுகத்துக்கு.

விழா முடிந்து முக்கியமானவர்கள் மட்டும் ஹோட்டலின் உள்ளறைக்குப் போனார்கள். ஐந்தே நிமிடத்தில் பூபதி தலையை நீட்டினார். "அம்மா, அந்த டப்பாவைக் கொண்டாங்க. செயலாளர் ஐயாவுக்கு ஒரு சின்ன டெமோ."

உள்ளே செயலாளர் இரண்டாவது கோப்பையில் இருந்தார். நடுவில் ஒரு பாட்டில். தங்க எழுத்து, கப்பல் படம், இருபத்தைந்து வயது. யாரோ ஒப்பந்தக்காரர் கடல் கடந்து வரவழைத்துக் கொடுத்தது. அதைச் சுற்றி எல்லாரும் சன்னிதியில் நிற்பதுபோல் நின்றார்கள்.

"சார், கல்லோட அழகே இதுல போட்டா எதுவும் ஆகாதுங்கறதுதான்," என்றார் பூபதி. "உயர்ந்ததை அது தொடாது. தாழ்ந்ததை மட்டும் சுத்தம் பண்ணும். வள்ளுவப் பெருந்தகைகூட…"

"போடுங்கம்மா," என்றார் செயலாளர்.

அஞ்சுகம் பாட்டிலில் பத்து மணி போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பூபதி கை தட்ட ஆயத்தமானார்.

ஒரு கொப்புளம் வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் பாட்டில் முழுவதும் கலகலவென்று, சுடுதண்ணீர் கொதிக்கிற மாதிரி, கப்பல் படத்தையும் தாண்டிப் பொங்கியது.

"ஷாம்பெய்ன் குணம் சார்," என்றார் பூபதி. "வயசான சரக்குல இயற்கையாவே…"

"சார், யாரும் சிகரெட் பத்தவைக்காதீங்க," என்றாள் அஞ்சுகம்.

செயலாளர் தன் கோப்பையைப் பார்த்தார். அதில் அடிமட்டம்தான் மிச்சம். அவருடைய குரல் முதல் தடவையாக மனிதக் குரலாக இருந்தது.

"அம்மா, கண்ணு போறதுக்கு எத்தனை நேரம் ஆவும்?"

"என் வீட்டுக்காரருக்குப் பதினாறு மணி நேரம் ஆச்சு சார்."

"அவருக்கு வெயில்லதானே…" என்று தொடங்கிய செயலாளர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். "அந்தக் கல்லை முழுங்கலாமா?"

"அதுக்கு அனுமதி கேட்டுக் கோப்பு போடலீங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

சிவப்பு விளக்கு சுழல நாலு கார்கள் பறந்தன. பூபதி பொன்னாடையோடு ஓடினார். முறிவு மருந்து கையிருப்பில் இல்லை. மெத்தனாலுக்கு நல்ல எத்தனாலும் ஒரு முறிவுதான் என்பதால், டாக்டர்கள் அதையே சொட்டு சொட்டாக ஏற்றினார்கள். ஒரு துறைச் செயலாளருக்கு அரசு மருத்துவமனையிலேயே நரம்பு வழியாகச் சாராயம் இறங்கியது அதுதான் முதல் தடவை.

விஷம் கொஞ்சம்தான். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் செயலாளருக்குச் சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த உடனே கல்லுக்கான கோப்பைக் கேட்டார்.

"கள்ளச்சாராயம்ங்கறதை அடிச்சிடுங்க டாக்டர். 'உயர்தர அயல்நாட்டு மதுவகைகளின் தூய்மை காக்கும் மணி' அப்படின்னு போடுங்க. நாலு மூட்டையும் அதிகாரிகள் மன்றத்துக்கு."

"புரட்சி சார்," என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த பூபதி. பட்டமளிப்பில் அவரும் ஒரு கிளாஸ் ஏற்றியிருந்தார்.

அஞ்சுகம் கோப்பைக் கையில் வைத்தபடி நின்றாள். நாளைக்கு ஆறு டிரம். தணிகாசலத்தின் பாதி மீசை நினைவுக்கு வந்தது. அவள் மிகவும் பணிவாகத் தொண்டையைக் கனைத்தாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நேரா உங்க கிளாஸ்ல போடுறதா? மனுஷங்க குடிச்சு இன்னும் பாக்கலியே. மொதல்ல வேற யாராவது குடிச்சுப் பாத்துட்டா…"

செயலாளர் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "கரெக்ட்! யாரு குடிப்பாங்க?"

"நாளைக்கு உப்பளமேட்டுல நெறைய பேரு கலங்கின தண்ணி குடிப்பாங்க சார்."

"இரண்டு மூட்டை அங்க அனுப்புங்க. 'களச் சோதனை'ன்னு போடுங்க. அவங்களுக்கு எதுவும் ஆகலைன்னா மீதி ரெண்டு மன்றத்துக்கு." கையெழுத்துப் போட்டுவிட்டுச் செயலாளர் அவளைப் பாராட்டுதலோடு பார்த்தார். "ரொம்பப் பொறுப்பா யோசிக்கிறீங்கம்மா."

அஞ்சுகம் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்றாவது படியில் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே வந்த நர்ஸ், பாவம், யாரோ தவறிவிட்டார்கள் போல என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை மதியம் உப்பளமேட்டுக் கடற்கரையில் மேளமும் வெயிலுமாக இருந்தது. மூன்று ஊர்ச் சாமிகள் அலங்காரத்தோடு அலையைப் பார்த்து நின்றன. பந்தலுக்குப் பின்னால், சாமி பார்க்காத திசையில், ஆறு நீல டிரம்கள்.

விற்க வந்தவன் முதலில் குதித்தான். "சரக்குல எவன்டா கல்லு போடுறது?"

தணிகாசலம் அவன் முகத்துக்கு நேரே பாதி மீசையைக் காட்டினான். "நீ ஒரு டம்ளர் குடிச்சிக் காட்டு. அப்ப நாங்க போடல."

விற்க வந்தவன் குடிக்கவில்லை. கூட்டம் அதைக் கவனித்தது.

மீன் விற்கும் அமிர்தம்மாள் மட்டும் அஞ்சுகத்தைக் குறுக்கே மறித்தாள். "ஏம்மா, படிச்சவதானே நீ? செத்துடுவோம்னு பயந்துதான் எங்க ஊட்டு ஆளு பாதியில வெச்சிட்டு வருவான். இனிமே முழுசா குடிப்பான். நல்ல காரியம் பண்ண வந்துட்ட."

இரண்டு நாளாக அஞ்சுகமும் இதையேதான் யோசித்திருந்தாள். "குடிச்சிட்டு வந்தா திட்டு," என்றாள் கடைசியில். "தொடப்பத்தாலகூட அடி. வராதவனை நிக்கவெச்சுத் திட்ட முடியாதுக்கா."

அமிர்தம்மாள் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். "எந்த டிரம்முக்கு?"

'பீடி கூடாது' என்று பலகை நட்டார்கள். மணிகளைக் கொட்டினார்கள்.

ஐந்து டிரம்கள் ஐந்து பத்து நிமிடம் சீறி அடங்கின. ஆறாவது அடங்கவில்லை. கால் மணி, அரை மணி. டிரம் அதிர்ந்தது. நுரை விளிம்பைத் தாண்டி மணலில் வழிந்தது. மேளக்காரர்கள் ஒவ்வொருவராக அடிப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். முந்நூறு பேர் வாய் பேசாமல் ஒரு டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்காக வந்தது இன்னதென்று அவர்கள் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, குடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

கோதண்டம் அஞ்சுகத்தின் தோளைப் பிடித்தபடி கேட்டான்: "மழையா?"

"இல்லீங்க. டிரம்மு."

"அன்னிக்கு இந்தச் சத்தம் கேக்கலியேடி," என்றான்.

நாற்பத்தொரு நிமிடத்தில் கடைசிக் கொப்புளம் வெடித்தது. கடற்கரையில் எழுந்த கூச்சலில் மூன்று சாமிகளும் ஒரு கணம் ஆடின என்று பிறகு சொன்னார்கள். யாரோ அஞ்சுகத்தைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "எறக்குடா, உங்க அக்காடா நான்!" என்று அவள் கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தணிகாசலம் ஒரு பக்க மீசையை முறுக்கிக்கொண்டு அலையில் ஆடினான். மறுநாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தார்கள். வந்த முந்நூறு பேரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டு பேரைப் பெண்டாட்டிகள் அடித்திருந்தார்கள். வேறு சேதமில்லை.

மீதமான மணிகளை ஊர் திருப்பித் தரவில்லை. ஆளுக்கு ஒரு பிடி முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். திங்கட்கிழமை அஞ்சுகம் அறிக்கை எழுதினாள்: 'சோதனையில் மணிகள் முழுவதும் செலவாகிவிட்டன.' வினையூக்கி என்பது செலவாகாது. எத்தனை தடவை வேலை செய்தாலும் அப்படியே இருக்கும். வினையை ஊக்குவதோடு சரி, அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். பதினொன்றாம் வகுப்புப் பாடம். வினையூக்கி வேந்தர் டாக்டர் ஞானபூபதி அறிக்கையை ஊன்றிப் படித்து, 'மிகச் சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம் செயலாளர் அலுவலகத் திரையில் நாதஸ்வரத்தோடு புதிய அறிவிப்பு ஓடியது. உப்பளமேட்டில் மாசி மகத்தன்று நடந்த அறிவியல் சோதனையில் உயிரிழப்பு ஏதும் ஏற்படவில்லை. ஆகவே அங்கே கள்ளச்சாராயம் இல்லை என்பது பன்னிரண்டாவது முறையாக உறுதிசெய்யப்பட்டுள்ளது.

அஞ்சுகம் அதை வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். கோதண்டம் முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். தணிகாசலம் சிரித்தான். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டி இன்னொரு தடவை சிரித்தான். அவனுக்கு மீசை முளைக்க ஆரம்பித்திருந்தது.

கோதண்டத்தின் சான்றிதழில் இன்னமும் 'கடுமையான வெயில்' என்றுதான் இருக்கிறது.